ரியூனியனில் கடலோரக் கிராமத்து மனை: கையெழுத்துப் போடும் முன்

பிரான்சில் வீடோ அடுக்குமாடிக் குடியிருப்போ வாங்க ஒப்பந்தம் போட்டவருக்கு, மனம் மாறினால் விலகிக்கொள்ள 10 நாள் அவகாசம் உண்டு. முறைப்படி அனுமதி வாங்கி, சாலை போட்டுப் பிரித்து விற்கும் லொத்திஸ்மான் மனைக்கும் அந்த 10 நாள் உண்டு. ஆனால் கிராமத்து ஓரத்தில் ஒருவர் தன் சொந்த நிலத்தில் ஒரு துண்டை உங்களுக்கு விற்கிறார் என்றால் அந்த அவகாசம் கிடையாது. கொம்ப்ரோமி என்கிற முன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் போட்டதுதான். இந்தியப் பெருங்கடல் தீவான ரியூனியனும் பிரான்சின் ஒரு தெபார்த்மான், அதாவது மாவட்டம், என்பதால் இதே சட்டம்தான் இங்கேயும்.

புதுச்சேரி, காரைக்கால் பக்கமிருந்தும், பாரிசில் சில வருடம் இருந்துவிட்டும் இங்கே வரும் நம் குடும்பங்கள் பலருக்கு இது தெரிவதில்லை. பெத்தித்-ஈல், சேன்-ஜோசெஃப், சேன்-ஃபிலிப் பக்கம் கரும்புக்காட்டுக்கு அப்பால் கடல் தெரியும் ஒரு மனையைப் பார்த்ததும் மனம் அங்கேயே தங்கிவிடுகிறது. எனக்கும் அந்தக் கரை மேல் தீராத பிரியம் உண்டு. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். விசாரிக்க வேண்டியதை எல்லாம் கொம்ப்ரோமிக்கு முன்பே விசாரித்துவிடுங்கள். அதற்குள் முடியாததை ஒப்பந்தத்தில் நிபந்தனையாக எழுத வையுங்கள்.

யார் வாங்கலாம், பணம் எப்படி வர வேண்டும்

பிரெஞ்சுக் குடியுரிமை இல்லாதவரும் இங்கே நிலம் வாங்கலாம், அதற்குத் தடை இல்லை. ஆனால் நிலம் வாங்கியதற்காக விசாவோ தங்கும் அனுமதியோ தரமாட்டார்கள். ஷெங்கன் விசா ரியூனியனுக்குச் செல்லாது என்பதையும் இந்தியாவிலிருந்து மனை பார்க்க வரும் உறவினர்களிடம் சொல்லி வையுங்கள்.

இந்தியாவில் இருப்பவர், ரிசர்வ் வங்கியின் தாராளப் பணஅனுப்பல் திட்டத்தின் கீழ் ஒரு நிதியாண்டில் ஆளுக்கு 2,50,000 டாலர் வரை வெளியே அனுப்பலாம். வெளிநாட்டுச் சொத்து வாங்குவதும் அதில் அடங்கும். பத்திரம் எழுதிப் பதிவு செய்யும் சட்ட அலுவலருக்கு இங்கே நொத்தேர் என்று பெயர். பணம் எங்கிருந்து வந்தது என்று அவர் கட்டாயம் கேட்பார். நகை விற்றதா, ஊர் வீடு விற்றதா, அப்பா கொடுத்ததா, எதுவானாலும் அதற்கான தாள்களை முதலிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். 3,000 யூரோவுக்கு மேல் எந்தத் தொகையும் வங்கிப் பரிமாற்றமாகத்தான் நொத்தேர் கணக்குக்குப் போக வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பத்திரத்தில் ஒரு விலை, கையில் ரொக்கமாக மீதி என்ற பழக்கத்தை ஊரோடு விட்டுவிடுங்கள். இங்கே அப்படி ஒரு ரகசிய உடன்பாடு செய்துகொண்டால் சட்டத்தின் முன் அது செல்லவே செல்லாது. வரித்துறையின் அபராதமும் சேரும். விற்பவர் கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

மனை விலைக்கு மேல் நொத்தேர் செலவு என்று ஏறக்குறைய 7 முதல் 8 சதவீதம் ஒதுக்குங்கள். இதில் பெரும்பகுதி அரசுக்குப் போகும் வரிதான். லொத்திஸ்மான் நிறுவனத்திடம் வாங்கினால் கணக்கு வேறு: இங்கே மதிப்புக் கூட்டு வரி 8.5 சதவீதம், பதிவு வரி மிகக் குறைவு. சொல்லும் விலை நியாயமானதா என்று பார்க்க, முன்பு நடந்த விற்பனைகளின் விலையை அரசே டி.வி.எஃப். என்ற தளத்தில் வெளியிடுகிறது. அதே தெருவில், அதே பரப்பில் நிலம் என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று அதில் தெரியும். தரகர் சொல்லும் 'நடப்பு விலை'யை விட அதை நம்பலாம்.

கடலுக்கு எவ்வளவு பக்கத்தில்

கரையின் மேல் எல்லையிலிருந்து உள்நோக்கி 81.20 மீட்டர் வரை உள்ள பட்டை அரசுடையது. மன்னர் காலத்திலிருந்தே 'ஐம்பது பா ஜெயோமெத்ரிக்' (ஐம்பது காலடித் தூரம்) என்று பெயர். 1986 சனவரி 3ஆம் தேதி வந்த கடலோரச் சட்டம் அதைப் பொதுக் கடல் சொத்தோடு சேர்த்துவிட்டது. நம் ஊர்க் கடற்கரைப் புறம்போக்கு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை தலைமுறை குடியிருந்தாலும் அனுபவ பாத்தியதை வராது. இந்தப் பட்டையில் வீடுகளைப் பார்ப்பீர்கள். சிலரிடம் செல்லுபடியாகும் பழைய பத்திரம்கூட இருக்கும். ஆனால் புதிதாக வந்த நாம் அதைத் தேடிப் போக வேண்டாம். நீங்கள் பார்க்கும் மனை இந்தப் பட்டைக்கு வெளியேதான் இருக்கிறதா என்பதை நொத்தேரிடம் எழுத்தில் கேளுங்கள்.

பட்டைக்கு வெளியே வந்துவிட்டால் மட்டும் போதாது. அதே சட்டப்படி கடலோரக் கொம்யூன்களில் (உள்ளாட்சிப் பகுதிகளில்) புதுக் கட்டடம் ஏற்கெனவே உள்ள ஊரை ஒட்டித்தான் வர வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறி நிற்கும் நாலைந்து வீடுகள் ஊர் ஆகாது. தனியே, அமைதியாக, அக்கம்பக்கம் யாரும் இல்லாத மனை என்று விளம்பரம் சொன்னால் முதலில் வர வேண்டிய கேள்வி அதுதான்: அங்கே கட்ட விடுவார்களா?

வரைபடத்தில் என்ன நிறம்

கொம்யூன்களுக்கு பி.எல்.யு. என்ற நிலப் பயன்பாட்டுத் திட்டம் உண்டு. யு என்றால் குடியிருப்புப் பகுதி. ஏயு என்றால் பின்னால் குடியிருப்பாகத் திறக்கப்போகும் பகுதி. 'ஏ' என்றால் விவசாயம், 'என்' என்றால் இயற்கை. 'ஜெயோபொர்த்தாய் த லுர்பனிஸ்ம்' என்ற அரசுத் தளத்தில் மனையின் கதாஸ்தர் (நில வரைபடப் பதிவு) எண்ணைப் போட்டால் வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். ரியூனியனுக்கென்றே பெய்ஜெயோ என்ற வரைபடத் தளமும் இருக்கிறது.

ஏ பகுதி நிலத்தைத்தான் கடல் தெரிகிறது, விலை மலிவு என்று காட்டுவார்கள். 'அடுத்த பி.எல்.யு. திருத்தத்தில் மாறிவிடும்' என்பார்கள். மாறலாம், மாறாமலும் போகலாம். இந்தத் தீவில் தட்டையான நிலம் குறைவு, கரும்பு நிலத்தைக் காக்க அரசு மிகவும் கறாராக இருக்கிறது. விவசாயத் தொழிலுக்குத் தேவை என்று நிரூபித்தால்தான் அங்கே வீடு கட்ட முடியும். அனுமதி இல்லாமல் கட்டினால் நிரந்தர மின் இணைப்பையும் தண்ணீர் இணைப்பையும் தடுக்கும் அதிகாரம் மேயருக்கு உண்டு. வாக்குறுதிக்கு விலை கொடுக்காதீர்கள், இன்றைக்கு என்ன பகுதியோ அதற்குரிய விலையை மட்டும் கொடுங்கள். விவசாய நிலம் கைமாறும்போது சஃபேர் என்ற அமைப்புக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. குடியிருப்புப் பகுதியில் அதே உரிமை கொம்யூனுக்கு. இருவருக்கும் பதில் சொல்ல இரண்டு மாதம்.

அடுத்து பி.பி.ஆர்., அதாவது இயற்கை ஆபத்துத் தடுப்புத் திட்டம். வெள்ளம், மண்சரிவு, கடல் அரிப்பு எல்லாம் இதில் வரும். பி.எல்.யு.வில் யு என்றிருந்தாலும் பி.பி.ஆரில் சிவப்பு என்றால் புது வீடு கிடையாது. நீலம் என்றால் கட்டலாம், நிபந்தனைகளோடு. ஒரு மனையின் பாதி நீலம், பாதி சிவப்பு என்றும் வரும். 600 சதுர மீட்டருக்குக் காசு கொடுத்து 200இல்தான் வீடு வைக்க முடியும் என்ற நிலை அப்படித்தான் வருகிறது. ஆபத்து நிலை அறிக்கையை விற்பவர் முதல் முறை மனையைக் காட்டும்போதே தர வேண்டும் என்று 2023 முதல் விதி. கேட்டு வாங்குங்கள்.

இரண்டையும் பார்த்தபின் மேரி எனும் கொம்யூன் அலுவலகத்துக்குப் போய், செர்த்திஃபிக்கா துர்பனிஸ்ம் என்ற நிலப் பயன்பாட்டுச் சான்று கேட்டு மனு கொடுங்கள். காசு கிடையாது. இரண்டு வகை உண்டு, 'ஒப்பெரசியோனெல்' என்கிற இரண்டாவது வகையைக் கேளுங்கள். நீங்கள் நினைக்கும் வீட்டை இந்த மனையில் கட்ட முடியுமா, சாலை, தண்ணீர், மின்சாரம் போதுமா என்று அதில் பதில் வரும். இரண்டு மாதம் ஆகும். கிடைத்தபின் 18 மாதத்துக்குப் பெரும்பாலான விதிகள் உங்களுக்கு மாறாமல் நிற்கும். சான்று வருவதற்குள் விற்பவர் அவசரப்படுத்தினால் அவசரம் ஏன் என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

இந்த நிலம் உண்மையில் யாருடையது

ரியூனியனில் மனை வாங்கும்போது அதிகச் சிக்கல் இங்கேதான். தாத்தா இறந்து ஐம்பது வருடம் ஆகியிருக்கும், பாகப்பிரிவினை நடந்திருக்காது. பேரப்பிள்ளைகளில் பாதிப் பேர் இங்கே, மீதிப் பேர் லியோனிலும் மார்செய்யிலும். உங்களிடம் நிலம் காட்டுபவர் பல வருடமாக அதில் வாழை வைத்து, வரியும் கட்டி வருபவராக இருப்பார். அவர் பொய் சொல்லவில்லை, நிலம் தன்னுடையது என்று மனதார நம்புகிறார். ஆனால் சட்டப்படி அது எல்லாப் பங்காளிகளுக்கும் பொது. இதற்கு ஏந்திவிசியோன் என்று பெயர்.

இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் 2018 டிசம்பர் 27ஆம் தேதி கடல்கடந்த பகுதிகளுக்கென்று ஒரு சட்டம் வந்தது. இறப்பு நடந்து 10 வருடத்துக்கு மேல் ஆன சொத்தில், பாதிக்கு மேல் பங்கு வைத்திருக்கும் வாரிசுகள் நொத்தேர் மூலம் விற்பனைக்கோ பாகப்பிரிவினைக்கோ போகலாம். மற்ற வாரிசுகளுக்கு முறையாக அறிவிக்க வேண்டும். யாராவது எதிர்ப்புச் சொன்னால் விஷயம் நீதிமன்றத்துக்குப் போகும். எனவே வழி இருக்கிறது, நேரம் பிடிக்கும். இப்படி ஒரு மனை பிடித்திருந்தால், நொத்தேர் வாரிசு விவரத்தை முடித்து எல்லாரும் கையெழுத்துப் போடத் தயார் என்று சொல்லும் வரை ஒரு யூரோகூடக் கொடுக்காதீர்கள்.

30 வருட அனுபவத்தின் பேரில் எடுத்த பத்திரமும் இங்கே புழக்கத்தில் உண்டு. அப்படியானால் அது எப்போது எடுத்தது, யாராவது ஆட்சேபித்தார்களா, இன்னும் ஆட்சேபிக்க முடியுமா என்று நொத்தேரிடம் தெளிவாகக் கேளுங்கள்.

வில்லங்கச் சான்றுக்காக நீங்கள் அலைய வேண்டாம். அடமானம், வழக்கு, பாத்தியதை எல்லாவற்றையும் நிலப் பதிவு அலுவலகத்தில் கேட்டு வாங்குவது நொத்தேரின் வேலை. விற்பவருக்கு ஒரு நொத்தேர், உங்களுக்கு ஒருவர் என்று வைத்தாலும் செலவு கூடாது. இருவரும் ஒரே கட்டணத்தைப் பங்கிட்டுக்கொள்வார்கள். தனி நொத்தேர் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் எல்லாருக்கும் சொல்வது. பிரெஞ்சு சரளமாகப் புரியாதவர் கையெழுத்து நாளன்று மொழிபெயர்ப்பாளரோடு போக வேண்டும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பழைய கரும்புத் தோட்ட நிலங்களில் ஒரு மூலையில் சிறு கோயில் இருக்கும். ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர் கட்டியது. மாரியம்மனோ காளியோ மதுரை வீரனோ இருப்பார்கள். அது மனைக்குள் இருந்தாலும் பக்கத்து நிலத்தில் இருந்தாலும், யார் பூசை செய்கிறார்கள், காவடிக்கும் தீமிதிக்கும் ஊர்வலம் எந்த வழியாகப் போகிறது என்று அந்தக் குடும்பத்தைப் போய்ப் பார்த்துக் கேளுங்கள். கிரயத்துக்குப் பிறகு வேலி போட்டு வழியை மறித்துவிட்டு ஊரோடு பகைப்பதைப் போல வருத்தமான காரியம் வேறில்லை. அந்த வழியைப் பாத்தியதையாகப் பத்திரத்திலேயே எழுதிவிட்டால் இரு தரப்புக்கும் நிம்மதி.

எல்லை, வழி, ஓடை

கதாஸ்தர் வரி போடுவதற்கான வரைபடம். எல்லைக்கு அது சாட்சி ஆகாது. ஜெயோமெத்ர்-எக்ஸ்பேர் என்ற பட்டம் பெற்ற நில அளவர் பக்கத்துக்காரர்களையும் வைத்து அளந்து கல் நட்டால்தான் எல்லை. லொத்திஸ்மானில் இது கட்டாயம். தனி மனையில், அளந்த நிலமா இல்லையா என்பதைக் கொம்ப்ரோமியில் குறிப்பிட வேண்டும் என்று மட்டும் சட்டம் சொல்கிறது. நீங்கள் அளக்கச் சொல்லுங்கள். பெரிய நிலத்திலிருந்து வெட்டித் தரும் துண்டு என்றால் பிரிப்பதற்கும் மேரியின் ஒப்புதல் வேண்டும், அதைக் கண்ணால் பாருங்கள்.

பரப்பைப் புரிந்துகொள்ள: ஒரு ஆர் 100 சதுர மீட்டர், ஒரு சாந்தியார் 1 சதுர மீட்டர். '4 ஆர் 85 சாந்தியார்' என்று எழுதியிருந்தால் 485 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய 12 சென்ட்.

மனைக்குப் போகும் பாதை பொதுச் சாலையா, கரும்பு லாரி போகும் தோட்டப் பாதையா, அடுத்தவர் நிலமா? அடுத்தவர் நிலமென்றால் வழி உரிமையும், அதன் அடியில் குழாயும் கம்பியும் கொண்டுபோகும் உரிமையும் பத்திரத்தில் தனித்தனியாக இருக்க வேண்டும். ஓடையை ஒட்டிய மனை என்றால் ஓடை அரசுச் சொத்து என்று நினைவில் வையுங்கள். வருடத்தில் பத்து மாதம் வறண்டு கிடக்கும் ரவீன் என்கிற ஓடை, புயல் மழையில் பாறைகளை உருட்டிக்கொண்டு வரும்.

நேரில் எப்போது பார்ப்பது

வெயில் நாளில் எல்லா மனையும் அழகு. சனவரி, பிப்ரவரியில், நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போய்ப் பாருங்கள். ஓடையைக் கடக்கும் தாழ்ந்த சாலைகளை இங்கே ரதியே என்பார்கள். மழையில் அவை மூழ்கினால் வழி அடைபடும். உங்கள் வேலைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் போகும் வழியில் எத்தனை ரதியே என்று எண்ணுங்கள். 2024 சனவரியில் பெலால், 2025 பிப்ரவரி 28இல் காரான்ஸ் என்று அடுத்தடுத்து இரண்டு புயல்கள் இந்தத் தீவைத் தாக்கின. அப்போது தண்ணீர் எதுவரை வந்தது, மின்சாரம் எத்தனை நாள் இல்லை என்று பக்கத்து வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். எந்த அறிக்கையும் அவ்வளவு விவரம் தராது.

மேற்குக் கரை வறட்சி, வெயில், விலை அதிகம். கிழக்கும் தென்கிழக்கும் பச்சை, மழை மிக அதிகம், விலை குறைவு. தெற்கில் தென்கிழக்குக் காற்று உப்புத் துளிகளைச் சுமந்து வந்து தகரத்தையும் ஆணியையும் அரித்துவிடும். சேன்-ஃபிலிப் பக்கம் பழைய வீடுகளைச் சுற்றித் தாழை இனத்து வக்கோவா மரங்களை வரிசையாக வைத்திருப்பது காற்றைத் தடுக்கத்தான். இருக்கும் மரங்களை வெட்டாமல் வீட்டை எங்கே வைக்கலாம் என்று மனை பார்க்கும்போதே யோசியுங்கள்.

சேன்ட்-ரோஸ், சேன்-ஃபிலிப் பக்கம் போனால் எரிமலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1977இல் எரிமலைக் குழம்பு பித்தோன்-சேன்ட்-ரோஸ் ஊருக்குள்ளேயே வந்தது, அங்குள்ள மாதா கோயில் வாசலில் உறைந்து நின்றதை இன்றும் பார்க்கலாம். 1986இல் சேன்-ஃபிலிப் பக்கம் வந்தது. இதனால் அங்கே வாங்கவே கூடாது என்றில்லை, நானறிந்த நல்ல மனிதர்கள் அங்கே நிறைவாக வாழ்கிறார்கள். தெரிந்து வாங்குங்கள்.

சரிவையும் கையோடு பாருங்கள். சரிவான மனையில் விலையில் மிச்சம் பிடித்தது தாங்குசுவருக்கும் பாறை உடைக்கும் இயந்திரத்துக்கும் போய்விடும். மண் பரிசோதனைக்கு ஆகும் செலவு அதோடு ஒப்பிட்டால் சிறிது. கட்டடப் பொருள் பெரும்பாலும் கப்பலில் வருவது என்பதால் இங்கே கட்டுமானச் செலவும் அதிகம்.

தண்ணீர், மின்சாரம், கழிவு

மின்சாரத்துக்கு இ.டி.எஃப்., தண்ணீருக்கு அந்த ஊர் விநியோகம். இரண்டிடமும் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள், கடைசிக் கம்பத்திலிருந்து மனை தூரமென்றால் தொகை பெரிதாகும். கிராமங்களில் பெரும்பாலும் பாதாளச் சாக்கடை இருக்காது. சொந்தக் கழிவுத்தொட்டி அமைக்க ஸ்பாங்க் என்ற சேவையின் ஒப்புதல் வேண்டும், அந்தச் சான்று இல்லாமல் கட்டட அனுமதி மனுவை ஏற்கமாட்டார்கள். இதற்கு சேன்-ஜோசெஃபும் சேன்-ஃபிலிப்பும் கசூத், பெத்தித்-ஈல் சிவிஸ், சேன்ட்-ரோஸ் சிரெஸ்ட் என்ற கொம்யூன் கூட்டமைப்புகளின் கீழ் வரும்.

கொம்ப்ரோமியில் எழுத வேண்டியவை

இந்த ஒப்பந்தத்தை நொத்தேர் முன்பே போடுங்கள். முன்பணம் வழக்கமாக 5 முதல் 10 சதவீதம். அதை விற்பவர் கையில் கொடுக்காமல் நொத்தேர் கணக்கில் போடுங்கள். 'கொந்திசியோன் சுஸ்பான்சிவ்' என்ற நிபந்தனைகள்தான் உங்களுக்குப் பாதுகாப்பு. அவற்றில் ஒன்று நிறைவேறாவிட்டாலும் ஒப்பந்தம் விழுந்து முன்பணம் திரும்பி வரும். வங்கிக் கடன் கிடைக்க வேண்டும் என்பதை எல்லாரும் எழுதுவார்கள். அத்தோடு நிற்காமல், நீங்கள் விரும்பும் பரப்பில் வீடு கட்ட அனுமதி கிடைக்க வேண்டும், அந்த அனுமதிக்கு யாரும் ஆட்சேபம் தெரிவிக்கும் காலம் கடந்திருக்க வேண்டும், எல்லை அளந்து கல் நட்டிருக்க வேண்டும், மண் பரிசோதனையில் அசாதாரண அடித்தளம் தேவை என்று வரக் கூடாது, வழி உரிமை பதிவாக வேண்டும் என்பவற்றையும் சேர்க்கச் சொல்லுங்கள். விற்பவர் முகம் சுளித்தால் நொத்தேர் பேசிக்கொள்வார்.

கட்டட அனுமதி தனி வீட்டுக்கு இரண்டு மாதம். 150 சதுர மீட்டருக்கு மேல் என்றால் கட்டடக் கலைஞர் கையெழுத்து கட்டாயம். அனுமதி கிடைத்ததும் சாலையிலிருந்து தெரியும்படி பலகை வைக்க வேண்டும், அன்றிலிருந்து இரண்டு மாதம் அக்கம்பக்கத்தவர் ஆட்சேபிக்கலாம். நிர்வாகமே தவறாகக் கொடுத்ததாக நினைத்தால் மூன்று மாதத்துக்குள் திரும்பப் பெறலாம். ஆகவே இறுதிப் பத்திரத்துக்கு ஆறேழு மாதம் என்று வைத்தே ஒப்பந்தத் தேதியைப் போடுங்கள்.

இறுதிப் பத்திரத்தன்று அசல் நொத்தேரிடமே இருக்கும், உங்களுக்கு ஒரு சான்றிதழ் தருவார்கள். பதிவு முடிந்த பத்திரப் பிரதி வரச் சில மாதம் ஆகும், பயப்பட வேண்டாம். முதல் வேலையாக எல்லைக் கற்களைப் பக்கத்துக்காரரோடு நடந்து பார்த்துப் படம் எடுத்துவிடுங்கள், நிலம் சமன்செய்யும் இயந்திரம் முதலில் பிடுங்குவது அவற்றைத்தான். கட்டத் தொடங்கும் வரை புல்லை வெட்டி, தண்ணீர் தேங்கும் டயர், வாளி எதுவும் இல்லாமல் மனையை வைத்திருங்கள். இந்தத் தீவு 2005-06லும் 2025லும் சிக்குன்குனியாவால் பட்ட பாட்டை அக்கம்பக்கத்தார் யாரும் மறக்கவில்லை.